அதியா கபுரில் வாடை

கபுரிலிருந்து வாடை வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் அதை நம்புவதற்கு யாருக்கும் மூக்கு தேவைப்படுவதில்லை. புதைக்கும் இடமான கபரஸ்தான் இருக்கும் திசையே தெரியாதவர்கள்கூட முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஆஃப்ஷீன் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. காலையில் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், பின் சீட்டில் இருந்த இரண்டு பேர் சட்டென்று வாயை மூடினார்கள். மூடிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது, பேச்சு தன் வீட்டைப் பற்றித்தான் என்று.

"என்னாடி?" என்று நேராகக் கேட்டாள். சுற்றி வளைத்துக் கேட்பது அவளுக்கு வராது. நேராகக் கேட்பது அம்மா வழி வந்தது.

"ஒண்ணியும் இல்ல ஆஃப்ஷீன். உங்கம்மா கபுர்ல வாடை அடிக்குதாம். செத்த வாடை. போன வாரம் ஒரு மையத்தை அடக்கம் பண்ணப் போனவங்க எல்லாருமே மோந்திருக்காங்க."

அம்மா போனது மாசியில். இப்போது ஆவணி. மாசியில் புதைத்த உடம்பு ஆவணியில் நாறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பேச்சு இவ்வளவு காரமாக இருந்தது. உடம்பு நாறவில்லையென்றால் வேறு என்ன நாறும்? பாவம் நாறும். உள்ளே கபுர் வேதனை நடக்கிறது, அதன் வாடைதான் மேலே வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றைக்கு ஷிப்ட் முழுக்க ஆஃப்ஷீன் கை வேலை பார்த்தது, மனசு கொதித்துக்கொண்டே இருந்தது.

அதியா யார் என்று சொல்லாமல் போனால் இந்தக் கொதிப்பு உங்களுக்குப் புரியாது. பாகலூர் ரோட்டில் குட்டியானை ஓட்டிய ஒரே பொம்பளை அவள். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. விடியும்போது தக்காளி, வெயில் ஏறினால் ரோஜாப்பூ, சாயங்காலம் எது கிடைத்தாலும். தோட்டக்காரர்களிடம் தெலுங்கு பேசுவாள், எல்லைக்கு அந்தப்பக்கம் போனால் கன்னடம், செக்போஸ்ட்டில் தமிழ். திட்டு மட்டும் மூன்றிலும் சரளம். அடித்த புருஷனை விட்டு இரண்டு பிள்ளைகளோடு விலகி வந்தவள். ஜமாஅத் கூப்பிட்டு, பொறுத்துப் போ என்று சொன்னபோது, "உங்க பொண்ண அனுப்புங்க, பொறுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள். அப்படிப்பட்ட ஒருத்தி செத்த பிறகு அவள் கபுரில் வாடை வந்தால், ஊருக்கு அது ஆச்சரியமாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. நான் கொஞ்சம் காரமாகத்தான் சொல்கிறேன், ஆனால் அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்தால் தம்பி ஜீஷான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

"முத்தவல்லி கூப்பிட்டாருக்கா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் எல்லாரும் கபரஸ்தானுக்கே போறாங்களாம். அம்மா பாவத்தை மன்னிக்கச் சொல்லி அங்கயே துஆ பண்றாங்களாம். ஹஜ்ரத்தும் வர்றாரு."

"நீ என்னா சொன்ன?"

"சரின்னன். துஆதானக்கா. நல்லதுதான?"

"நல்லதா? ஊரே திரண்டு போய், பேரச் சொல்லி, இவ பாவி, இவள மன்னிச்சுருன்னு கேக்கறது நல்லதா? அடப்பாவி, அத்தோட அந்தப் பேரு நிலைச்சுப் போவும்டா. உம் பிள்ளைங்க காலத்துலயும், கபுர் நாறுனாளே அதியா, அவ பேரன்னு சொல்லுவாங்க."

அவள் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி மெஹபூப் பாஷாவுக்கு இரும்புக் கடை. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், அதனாலேயே அவர் பேச்சை மறுப்பது கஷ்டம். அவருடைய அத்தா, பெரிய ஹாஜியார், இந்த வருஷம் தை கடைசியில்தான் மௌத்தானார். கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவர் அவர். ஊரே அழுதது.

"உங்கம்மா நல்லதுக்குத்தாம்மா செய்யறோம்," என்றார் பாஷா. "துஆவால யாருக்கும் கெடுதல் இல்ல."

"துஆ கெடுதல் இல்ல மாமா. பேரச் சொல்லி அவ பாவத்துக்குன்னு கேக்கறீங்களே, அதான் கெடுதல். எங்கம்மா என்னா பாவம் பண்ணுச்சு? வண்டி ஓட்டுனதா?"

"நான் அப்பிடிச் சொல்லலையே. வாடை வருது. நானே மோந்தன். அது எங்கருந்து வருது, ஏன் வருதுன்னு நீ சொல்லு. நான் துஆவ நிறுத்திடறன்."

அந்தக் கேள்வி அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. திரும்பி வரும் வழியெல்லாம் அவருடைய பொறுமையான குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சரி, எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்துவிட்டால் போகிறது என்று முடிவு செய்தாள்.

அதில் ஒரு சிக்கல். அந்த ஊர்ப் பெண்கள் கபரஸ்தானுக்குள் போவதில்லை. போகக்கூடாது என்று பலகை எழுதி மாட்டவில்லை, போனதில்லை, அவ்வளவுதான். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் வீட்டு வாசலோடு நின்றவள். கபுர் மேல் பச்சையாக ஏதாவது நட்டுவைப்பது வழக்கம். அந்தப் பச்சை வாடாமல் இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு லேசாக இருக்கும் என்பார்கள். எல்லோரையும் போலக் கற்றாழைதான் வைத்தார்கள். கபரஸ்தான் இருக்கும் சரிவு முழுக்கப் பாறை. சித்திரை வெயிலில் கற்றாழையே கருகிவிட்டது. அப்போதுதான் ஆஃப்ஷீனுக்கு அந்த யோசனை வந்தது.

சானமாவு காட்டோர ரோட்டில், யானை கடக்கும் இடம் என்று போர்டு வைத்திருக்கும் திருப்பத்தில், அம்மா எப்போதும் வண்டியை நிறுத்துவாள். பாறை இடுக்கில் கள்ளிமுளையான் நிற்கும். பேரில்தான் கள்ளி, முள் கிடையாது, இலையும் கிடையாது. விரல் பருமனில், நாலு பட்டையாக, பச்சைத் தண்டு மட்டும். அம்மா அதைக் கிள்ளி, மண்ணைத் துடைத்து, வண்டியில் பொட்டலமாக வைத்திருக்கும் உப்பைத் தொட்டுக் கடிப்பாள். முதலில் கசக்கும், அப்புறம் புளிக்கும். "யான வந்துரும்மா, வாம்மா" என்று பிள்ளைகள் கத்தினால், "வரட்டும்டி, அதுக்கும் ஒண்ணு குடுக்கறன்" என்பாள். தண்ணீரே இல்லாமல் பாறையில் பச்சையாக நிற்கும் செடி. அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமான செடி எது? ஆஃப்ஷீன் தம்பியோடு பைக்கில் போய், வேரோடு ஒரு பை நிறையப் பிடுங்கிக் கொடுத்தாள். உள்ளே கொண்டுபோய் நட்டது ஜீஷான்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கபரஸ்தான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க அங்கே உயிரோடு யாரும் இல்லை. பின்பக்கம் ஒரு கம்பெனியின் நீண்ட காம்பவுண்டு, ஜெனரேட்டர் சத்தம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் வாடை வந்து முகத்தில் அடித்தது.

பொய்யில்லை. நிஜமாகவே செத்த வாடை. அடுப்படி மூலையில் எலி செத்துக் கிடந்தால் வருமே, அதே. இவ்வளவு நேரம் இருந்த வீராப்பெல்லாம் இறங்கி, 'யா அல்லா, நெசந்தானா?' என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்காக அப்புறம் தன்னைத் தானே எவ்வளவோ திட்டிக்கொண்டாள். ஆனால் நினைத்தாள்.

அம்மாவின் கபுரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தலைமாட்டுக் கல்லில் பேர் இருந்தது. மேலே கள்ளிமுளையான் நன்றாகப் பிடித்திருந்தது. குட்டை குட்டையான தண்டுகள். நுனியெல்லாம் கிள்ளப்பட்டு, காய்ந்து வடுவாகியிருந்தது. குனிந்து முகர்ந்தாள். மண் வாசனை, மழை வாசனை. வேறு ஒன்றுமே இல்லை. மண்ணில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து மறுபடியும் முகர்ந்தாள். இல்லை.

வாடை பக்கத்திலிருந்து வந்தது.

அந்த மண்ணில் பணக்காரர், ஏழை என்று தனி இடம் கிடையாது; செத்த வரிசையில் அடக்கம். தையில் போனவர் பெரிய ஹாஜியார், அடுத்து மாசியில் போனவள் அதியா. உயிரோடு இருந்தவரை ஒருவரையொருவர் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர்கள் இப்போது பக்கத்துப் பக்கத்தில். ஹாஜியார் கபுரின் மேலும் கள்ளிமுளையான். யாரும் கை வைக்காமல் செழித்து, முழங்கால் அருகே வந்திருந்தது. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு பூ. பூவா அது! கையில் ஏந்தினால் கை நிறைந்துவிடும் உருண்டை. விரல் பருமன் தண்டுக்கு இவ்வளவு பெரிய பூ எப்படித் தாங்குகிறது என்று தோன்றும். கிட்டப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பல பூக்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஈரலின் நிறம். ஈ மொய்த்தது. ஒன்றின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள், அதே செத்த வாடை.

ஆஃப்ஷீன் வாய்விட்டுச் சிரித்தாள். கபரஸ்தானில் சிரிக்கக்கூடாது என்பது தெரியும். அடக்க முடியவில்லை.

"யாரது, ஆஃப்ஷீனா?" என்று உடைந்த சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. சென்னம்மா. சரிவில் ஆடு மேய்ப்பவள், அம்மாவோடு சேர்ந்து ஊர்க்கதை பேசியவள். அவள் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்னாக்கா திங்கற?"

சென்னம்மா கொஞ்சம் அசடு வழிந்தாள். "உங்கம்மாளுதுதான் பாப்பா. இந்தப்பக்கம் வரப்ப ரெண்டு கிள்ளிக்குவன். அவ இருந்தா குடுக்கமாட்டாளா? கோவிச்சுக்காத."

"பக்கத்துல இவ்ளோ இருக்குதே, அத்தக் கிள்ளலியா?"

"ஐயையோ, அது பெரிய மனுசன் சமாதி. அதுல போயி கை வெப்பனா?"

இதுதான் நடந்தது. அதியா கபுரில் உரிமையோடு கிள்ளித் தின்றதால் அங்கே பூவே வரவில்லை. ஹாஜியார் கபுரில் மரியாதைக்குக் கை வைக்காமல் விட்டதால் அங்கே பூத்துக் குலுங்கியது. இளசிலேயே கிள்ளித் தின்று பழகிய ஊர், அதனால் கள்ளிமுளையான் பூவை ஒருத்தரும் பார்த்ததில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஒன்றுபோல அதியா பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அந்தப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், செடிய எங்கெல்லாம் நட்ட?"

"அம்மாளுதுலதான்... மீந்துச்சுக்கா. ஹாஜியார் கபுர்லயும் கத்தாழ காஞ்சு கெடந்துச்சு. பாவம், பெரியவருன்னு அதுலயும் வெச்சன். ஏன்?"

அவள் சொன்னாள். அவன் பதறினான். "அக்கா, நான் இப்பவே வந்து பிடுங்கிடறன். யாருக்கும் தெரிய வேணாம். வாடை போயிரும், பிரச்சனை முடிஞ்சிரும்."

"வாடை போயிரும்டா. பேச்சு போவுமா? வெள்ளிக்கிழமை துஆ பண்ணுவாங்க. அடுத்த வாரம் வாடை இருக்காது. பாத்தியா, நாம கேட்டோம், அவளுக்கு மன்னிப்பு கெடச்சுதுன்னு சொல்லுவாங்க. அப்ப நம்மம்மா பாவிதான்னு முத்திரை குத்துன மாதிரி ஆயிரும். ஒரு தண்டு தொட்ட, கைய ஒடச்சிடுவன்."

"முத்தவல்லிக்காவது சொல்லிடலாம்."

"சொல்ல மாட்டன். காட்டறன்."

வெள்ளிக்கிழமை தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது, பள்ளிவாசல் எதிரே ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. அந்த ஹாரனை ஊருக்கே தெரியும். அதியா போன நாளிலிருந்து வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த குட்டியானை. டிரைவர் சீட்டில் ஆஃப்ஷீன்.

"மழ வருது. நடந்தா நனைஞ்சுருவீங்க. ஏறுங்க," என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. அதியா இருந்தவரை அந்த வண்டியில் சரக்கு ஏற்றவே யோசித்த ஆட்கள். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வெளியூர்க்காரர், வயதானவர், முட்டி வலி. அவர் சட்டையில் விழுந்த தூறலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிஸ்மில்லா சொல்லி முன்சீட்டில் ஏறிவிட்டார். ஹஜ்ரத்தே ஏறிய பிறகு யார் என்ன பேசுவது? முத்தவல்லி மெஹபூப் பாஷா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றார். மற்றவர்கள் தக்காளிக் கூடைகள் போல நெருக்கி நின்றார்கள். ஜீஷான் கடைசியாகத் தொற்றிக்கொண்டான். ஆஃப்ஷீன் ஒரு பள்ளத்தையும் விடாமல் ஓட்டினாள். வேண்டுமென்றேதான்.

கேட்டில் வண்டியை நிறுத்தி அவளும் இறங்கினாள். "நீ எதுக்கும்மா உள்ள..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள்.

வாடை வந்தது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாஷா அதியாவின் கபுர் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, கை ஏந்தப் போனார்.

"அங்க இல்ல மாமா," என்றாள் ஆஃப்ஷீன். "இன்னும் ரெண்டு எட்டு இந்தப்பக்கம் வாங்க."

"எங்க?"

"மொதல்ல அதக் குனிஞ்சு மோந்து பாருங்க. அப்புறம் இத."

பாஷா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். அதியாவின் கபுரில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, இரண்டு எட்டு வைத்து, தன் அத்தாவின் கபுருக்கு முன்னால் வந்தார். ஈரல் நிற உருண்டைகள் மழைத்துளியோடு அசைந்தன. குனியவே தேவைப்படவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது.

சிலர் ஹாஜியாரின் பேரெழுதிய கல்லைப் பார்த்தார்கள், உடனே பார்வையைக் கீழே போட்டார்கள்.

"இப்ப கேளுங்க," என்றாள் ஆஃப்ஷீன். "யாரு பாவத்துக்குன்னு பேரச் சொல்லிக் கேளுங்க. வாடை இருந்தா பாவம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அக்கா!" என்றான் ஜீஷான்.

"நீ இரு. நான் ஹாஜியாரை ஒண்ணியும் சொல்லல. அவரு நல்லவரு. அவரு கபுர்ல இருக்கறது பூவு. எந்தம்பி மரியாதைக்கு நட்ட செடியோட பூவு. ஆனா இது எங்கம்மா கபுர்ல பூத்திருந்தா, யாராவது குனிஞ்சு பூவான்னு பாத்திருப்பீங்களா? இத்தன பேரு வந்து மோந்தீங்களே, ஒருத்தருக்காவது இந்தப்பக்கம் திரும்பணும்னு தோணுச்சா?"

கம்பெனி ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மன்னிப்பு கேக்கணும்னு வண்டி ஏறி வந்துட்டீங்க. கேக்காம திரும்ப வேணாம். செத்தவங்களுக்கு வேணாம். பேசுனவங்களுக்குக் கேளுங்க."

ஹஜ்ரத் கையை ஏந்தினார். பேர் எதுவும் சொல்லவில்லை. "எங்கள் நாக்குகளை மன்னித்துவிடு" என்று மட்டும் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கைகளும் எழுந்தன. ஆமீன் சொன்னபோது பாஷாவின் குரல்தான் தாமதமாக வந்தது.

எல்லோரும் கேட்டை நோக்கித் திரும்பினார்கள். பாஷா மட்டும் நின்றார். அத்தாவின் கபுரில் இருந்த செடியின் அடித்தண்டில் கை வைத்தார். ஒரே இழுப்பில் வந்துவிடும்.

"அது உங்க அத்தா கபுரு மாமா, உங்க இஷ்டம்," என்றாள் ஆஃப்ஷீன். "எங்கம்மா கபுர்ல மட்டும் ஒரு கை படக்கூடாது."

பாஷா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கையை எடுத்து, விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "பூவுதான. இருக்கட்டும்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது அவள் அறியாததல்ல. ஆனால் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை.

போகும்போது பாதிப் பேர் வண்டியில் ஏறாமல் நடந்தே போனார்கள். ஜீஷான் முன்சீட்டில் ஹஜ்ரத்தை ஏற்றிவிட்டு, "ஸாரிக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான். சாவியைப் போட்ட ஆஃப்ஷீன், ஏதோ நினைவு வந்தவளாக இறங்கி, சுவர் உடைந்த இடத்துக்கு ஓடினாள். அங்கே ஆடுகளோடு நின்று சென்னம்மா நடந்ததையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்னம்மாக்கா, ஒண்ணு கேப்பன், செய்வியா?"

"சொல்லு பாப்பா."

"இந்த வருசம் அம்மாளுதக் கிள்ளாத. அப்பிடியே உடு. பூக்கட்டும்."

சென்னம்மாவுக்குக் கவலையாகிவிட்டது. "பூத்தா நாறுமே பாப்பா. ஊரெல்லாம் நாறுமே."

"நாறட்டும்க்கா," என்றாள் ஆஃப்ஷீன்.